எதையும் தொடக் கூடாது

எங்கள் வீட்டு ஆல்பத்தில் பெரியவளின் புதுநன்மைப் படம் இருக்கிறது. வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளைப் பூ வளையம், கையில் மெழுகுவத்தி. பிள்ளை முதன்முதலாக நன்மை, அதாவது பூசையில் சாமியார் தருகிற அப்பம், வாங்கும்போது தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்பது எங்கள் பங்குக் கோயில் வழக்கம். படத்தில் ஒரு பக்கம் என் மனைவி நிற்கிறாள். மறுபக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். அந்தக் காலி இடம்தான் நான். படம் எடுத்த நேரத்தில் நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. மூடி செய்வதில்லை, மூடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் நின்றால் லேபிள் நிற்கும், லேபிள் நின்றால் ஷிப்ட் நிற்கும், ஷிப்ட் நின்றால் எங்கள் முதலாளி நிற்க மாட்டார், குதிப்பார். பெரியவளின் புதுநன்மை அன்று காலையில் ஒரு சர்வர் அப்டேட் ஆகிவிட்டுத் திரும்பி எழவில்லை. பிரசங்கம் நடக்கும்போதே போன் வந்தது. பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சைகை காட்டிவிட்டு ஓடினேன். எங்கள் கோயில் இருக்கிற கருவடிக்குப்பத்திலிருந்து தட்டாஞ்சாவடி ஒன்றும் சீமையில் இல்லை. ஈசிஆர் சிக்னலில் மாட்டாவிட்டால் வண்டியில் பன்னிரண்டு நிமிஷம். போய்ப் பார்த்தால் திரையில் இரண்டே வரி. கீபோர்டு இல்லை என்று முதல் வரி. தொடர்வதற்கு கீபோர்டில் எஃப்-ஒன் அமுக்கவும் என்று இரண்டாவது வரி. கீபோர்டே இல்லை என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் கீபோர்டை அமுக்கச் சொன்ன மகானுபாவன் யாரோ, அவனுக்குப் பெண் குழந்தைகள் இருக்காது. ஒரு கீபோர்டைத் தேடிப் பிடித்துச் செருகி அமுக்கினேன். மெஷின் ஓடியது. கோயிலுக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் வாசலில் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான் பேசினேன். என் மேல் தப்பில்லை என்று நிரூபிப்பதற்காக அந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன்: எந்த மெஷின், என்ன எழுத்து, கீபோர்டை எங்கே செருகினேன், எத்தனை லைட் எந்த நிறத்தில் எரிந்தது. சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் மறுபடியும் சொன்னேன். அவள் அந்த சர்வருக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். அது இன்றைக்கும் எங்கள் வீட்டில் நிலைத்திருக்கிறது. சின்னவள்கூட, "அப்பா, சக்களத்திக்கு உடம்பு சரியாயிடுச்சா?" என்றுதான் கேட்பாள்.

சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய புதுநன்மைக்கு நான் அசையாமல் நிற்பேன் என்று அன்றைக்கே வைராக்கியம் வைத்தேன். மூன்று வருஷம் அதற்காகவே உழைத்தேன் என்று சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்வார், ஆனால் உண்மை அதுதான். மொத்தம் நான்கு மெஷின்கள். மூத்தது தாய், அதாவது சக்களத்தி. மற்ற மூன்றுக்கும் சொந்தப் புத்தி கிடையாது. எழுந்ததும் நெட்வொர்க்கில், யாராவது இருக்கிறீர்களா, நான் என்ன செய்ய வேண்டும் என்று கூவும். தாய் பதில் சொல்லி, வேண்டியதை ஒயர் வழியாகவே ஊட்டிவிடும். அதை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். தாயிடம் ஒரு முறை மாற்றி வைத்துவிட்டால் போதும், மூன்றும் அடுத்த முறை எழும்போது புதுசை வாங்கிக்கொள்ளும். தாயை எழுப்புவதற்கும் ஆள் போக வேண்டாம். சுவரில் மின்சாரம் மட்டும் இருந்தால், வீட்டிலிருந்து ஒரு சமிக்ஞை அனுப்பினால் எழுந்துவிடும். நான் சமையலறையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே தொழிற்சாலையை எழுப்பிக் காட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு, ஆள் இல்லாமலே ஓடுகிறது என்றால் ஆள் எதற்கு என்று யோசனையாகக் கேட்டார். அதிலிருந்து அவரிடம் எதையும் காட்டுவதில்லை.

இதில் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் வாட்ச்மேன். மூடிப்போன பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷம் நூற்பு மெஷினில் நின்றவர். அறுபதைத் தாண்டியும் நேரம் தவறாதவர். அவருக்கு வேதம் இரண்டே வரி. ஆள் இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது. எழுத்தில் வந்த உத்தரவை, எழுதியவரோ அவருக்கு மேலே உள்ளவரோதான் மாற்றலாம். நடக்கிறதையெல்லாம் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதுவார். பஞ்சாலையில் அப்படித்தானாம். நான் முதன்முதலாக வீட்டிலிருந்து மெஷினை எழுப்பிய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அந்த நோட்டில் இருந்தது இது:

"9.10. ஆள் இல்லாமல் மெஷின் ஓடியது. நிறுத்தினேன். 9.14. நிறுத்திய மெஷின் தானாக ஓடியது. நிறுத்தினேன். 9.19. மீண்டும் ஓடியது. மீண்டும் நிறுத்தினேன். 9.25. மெயினை இறக்கினேன். ஓடவில்லை."

அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் இங்கே வியர்த்து விறுவிறுத்து, நெட்வொர்க்கையும் மெஷினையும் அதைச் செய்த நாட்டையும் திட்டிக்கொண்டிருந்தேன். நான் எழுப்ப, அவர் படுக்க வைக்க, நான் எழுப்ப, அவர் படுக்க வைக்க. மறுநாள் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அமைதியாக, "ஆள் இல்லாத எடத்துல மெஷின் ஓடுதுன்னா, மொதல்ல மெயினை எறக்கணும் சார். அப்புறந்தான் ஏன்னு கேக்கணும்," என்றார். பஞ்சாலையில் அது சரிதான். கையும் விரலும் போகிற இடம் அது. எங்கள் இடத்தில் லேபிள் மட்டுமே போகும் என்று புரியவைப்பதற்குள் எனக்கு நுரை தள்ளிவிட்டது. அவருடைய வழியிலேயே போவதென்று முடிவு செய்தேன்.

சின்னவளுக்கு ஒன்பது வயதாகி, புதுநன்மைக்கு நாள் குறித்தார்கள். ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை. விதி என்பதை நான் நம்புவதில்லை, ஆனால் விதிக்கு என்னைத் தெரியும் போலிருக்கிறது. அந்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள்தான் மருந்து கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள் என்று முதலாளி வந்து சொன்னார். அதற்குள் நான்கு மெஷின்களிலும் புது அப்டேட் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும். வேறு நாள் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் இறங்கும். ஒன்பது மணிக்குப் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அது வரும்போது மதியம் இரண்டு மணி ஷிப்ட் ஏறிவிடும். நடுவில் இருந்த மூன்று மணி நேரத்தில்தான் என் மகள் நன்மை வாங்குகிறாள்.

வீட்டில் சொன்னேன். மனைவி ஆல்பத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். சின்னவள் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். பெரியவள் மட்டும், எனக்கு வராதவர் இவளுக்கு மட்டும் எப்படி வருவார் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். பதின்மூன்று வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

பயம் இல்லை எனக்கு. மூன்று வருஷ உழைப்பு இருக்கிறதே. காலை ஆறே முக்காலுக்குத் தாய் தானாக எழும், தன்னை அப்டேட் செய்துகொள்ளும், தானாக நின்று தானாக எழும், பிறகு தானாக எழுகிற மற்ற மூன்றுக்கும் ஊட்டும். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பிள்ளை மெஷின்கள் மூன்றையும் வைத்து இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தேன். தாய்க்கு மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. இருப்பது ஒரே தாய்.

சனிக்கிழமை சாயந்திரம் வாட்ச்மேனின் நோட்டை வாங்கி, என் கையாலேயே எழுதினேன்: "நாளை காலை மெஷின்கள் தானாக ஓடும், தானாக நிற்கும், தானாக மறுபடி ஓடும். எதையும் தொடக் கூடாது." கீழே கையெழுத்து, தேதி. அவர் இரண்டு முறை படித்தார். எழுத்தில் உத்தரவு கிடைத்ததில் அவர் முகம் மலர்ந்துபோனது. இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து இப்போதுதான் ஒரு ஆள் ஒழுங்காக வேலை செய்கிறான் என்பது போல என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என் போனை மனைவியிடம் ஒப்படைத்தேன். அவள் சத்தத்தை அடக்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவளும் பெரியவளும் அந்தப் பக்கம் போனார்கள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். சின்னவள் முன்வரிசையில் மற்ற பிள்ளைகளோடு. ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். வாட்சைப் பார்த்து, இப்போது தாய் எழுந்திருக்கும், இப்போது அப்டேட் ஏறும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் பிரசங்கம் கேட்டதில்லை.

சின்னவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து பீடத்துப் படிக்குப் போய் அவள் வலது பக்கம் நின்றேன். இடது பக்கம் காலி. பெண்கள் பக்கம் திரும்பினேன். மனைவி உட்கார்ந்திருந்த இடத்தில் அவளுடைய பூசைப் புத்தகம் மட்டும் இருந்தது. சின்னவள் என்னைப் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பாடகர் குழு நன்மைப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பெரியவள் விறுவிறுவென்று வந்து, அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். தங்கையின் தலைக்கு மேலாக என்னிடம் குனிந்தாள்.

"அம்மா போனை எடுத்துக்கிட்டு வெளியே போயிருக்காங்க. நீங்க இங்கேருந்து அசையக் கூடாது."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தப் போனில் பூசை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான், எங்கள் வாட்ச்மேன். சக்களத்தி படுத்துவிட்டாள். கால் இரண்டும் அரித்தன. சிக்னலில் மாட்டாவிட்டால் பன்னிரண்டே நிமிஷம். சாமியார் இவளுக்கு முந்தின பிள்ளையிடம் இருந்தார். இவளுக்கு முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போட்டேன். பெரியவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசையவில்லை. சின்னவள் நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். கேமரா மின்னியது. மூன்று வருஷம் காத்திருந்த நேரம் அது. எனக்கு அப்பத்தைவிட எஃப்-ஒன் விசைதான் கண்ணில் நின்றது. ஆண்டவர் மன்னிப்பாராக.

பூசை முடிந்து வெளியே வந்தால், வண்டிகள் நிற்கிற இடத்தில் புங்க மரத்தடியில் என் மனைவி பட்டுப் புடவையோடு, ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக நின்றாள்.

"நாலும் பச்சைதானே? நல்லாப் பாத்துட்டீங்களா? சரி வெச்சுடுங்கண்ணா," என்று முடித்தாள். என்னைப் பார்த்ததும், "என் சக்களத்தி எழுந்துட்டா. புள்ளைங்களும் எழுந்துடுச்சு," என்றாள்.

அதே இரண்டு வரிதானாம். கீபோர்டு இல்லை, எஃப்-ஒன் அமுக்கு. கீபோர்டைத் தேடாதே என்று நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மெஷினுக்குள் எழுதி வைத்த கட்டளையை, புது அப்டேட் வந்து துடைத்துவிட்டிருக்கிறது. தாய் அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் மூன்றும் எழுந்து, யாராவது இருக்கிறீர்களா என்று கூவிக்கொண்டிருந்திருக்கின்றன. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மூணு வருஷமா அந்த ஒரு கதையைத்தானே சொல்றீங்க. எங்க செருகணும், எந்த லைட்டு, எல்லாம் மனப்பாடம்," என்றாள். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"கூப்பிட்டா ஓடியிருப்பீங்க. சின்னவகிட்ட நானுந்தான் சொல்லியிருந்தேன், அப்பா நிப்பாருன்னு."

ஓடியிருக்க மாட்டேன் என்றேன். பெரியவள் சிரித்தாள். அன்று முழுவதும் வீட்டில் பிரியாணியோடு இந்தக் கதையையும் சேர்த்தே பரிமாறினாள் என் மனைவி. சக்களத்திக்குப் போனிலேயே பிரசவம் பார்த்ததாகச் சொல்லி வந்தவர்களையெல்லாம் சிரிக்கவைத்தாள். நன்மை வாங்குகிற நேரத்தில் நீ இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, பெரியவளுக்கு நான் நின்றேன், இவளுக்கு அவர் நின்றார், கணக்குச் சரியாகிவிட்டது என்றாள். படம் எடுத்தவர் அவளுடைய வேறொரு படத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் பக்கத்தில் ஒட்டித் தருகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம் என்று அவருக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். அவளுக்கு வருத்தமில்லை என்று நானும் நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே தணிக்கை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. வந்தவர்கள் போனதும் முதலாளி வாட்ச்மேனின் நோட்டோடு என்னிடம் வந்தார். ஒரு வரிமேல் விரலை வைத்து, "என்னப்பா, எனக்குத் தெரியாம உனக்கு ஒரு மேலதிகாரி இருக்காங்களா?" என்று கேட்டார். பிறகு நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன்.

"7.22. பெரிய மெஷின் நின்றது. திரையில் எழுத்து. உத்தரவுப்படி தொடவில்லை.

7.23. சாருக்கு போன். எடுக்கவில்லை."

இதே வரி நேரம் மட்டும் மாறிப் பதினோரு முறை.

"7.41. போனில் ஒரு அம்மா. திரையில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

7.49. கீபோர்டு செருகச் சொன்னார். தொடக் கூடாது என்று சாரின் கையெழுத்து இருப்பதால் மறுத்தேன்.

7.50. உங்கள் சாருக்கு உத்தரவு போடுவதே நான்தான் என்றார். மேலதிகாரி என்பதால் ஏற்றேன்.

7.58. லேபிள் ரூமிலிருந்து கீபோர்டு கொண்டுவந்து செருகினேன்.

8.01. மேலதிகாரி சொன்ன விசையை அமுக்கினேன். பெரிய மெஷின் ஓடியது. மற்ற மூன்றும் ஓடும்வரை லைனில் இருக்கச் சொன்னார்.

8.04. போனில் கோயில் பாட்டு கேட்டது. மேலதிகாரி பேசவில்லை. அழுகிற சத்தம். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன்.

8.06. அழுகை நிற்கவில்லை. மெஷின் நன்றாக ஓடுகிறது என்று மறுபடியும் சொன்னேன்.

8.24. நான்கும் ஓடின. கோளாறு எதுவும் இல்லை."

எட்டு நான்குக்கு நான் பீடத்துப் படியில் நின்று பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்று, உத்தரவை மீறியதற்கு ஏதாவது எழுதப்போகிறேனோ என்று பேனாவையும் நீட்டினார். எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

காலை பதினொன்றரைக்கு நான் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மனைவி, வேலையிலிருந்து தூக்கிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் போன் செய்திருக்கலாமே, எதற்கு இந்த வெயிலில் என்றாள். அவள் முன்னால் முறத்தில் வெண்டைக்காய், கையில் கத்தி. நான் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாட்ச்மேனின் நோட்டைப் படித்தேன் என்றேன்.

கத்தி நின்றது.

"அந்த மனுஷன் அதையுமா எழுதி வெச்சிருக்காரு?"

"நேரம் போட்டு," என்றேன்.